பிள்ளையோடு கடல் கடக்கும் தாய்மாருக்கு

அஸர் தொழுகை முடிந்து குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு தாய் தன் மகனின் கையைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். மகனுக்கு ஏழு வயது. என்னிடம் நான்காம் ஜுஸ்உ ஓதிக்கொண்டிருந்தவன்.

"மௌலவி, புள்ளைட வாப்பா ரியாதுல இருந்து விசா அனுப்பிட்டாரு. இவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போறன். துஆச் செய்ங்க" என்றார்.

துஆச் செய்தேன். பிறகு பையனைப் பக்கத்தில் அழைத்து, "எங்கே போகப் போறீங்க தெரியுமா?" என்று கேட்டேன். "சவூதிக்கு" என்றான். "எப்ப திரும்பி வருவீங்க?" என்று கேட்டேன். அவன் தன் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். உம்மாவோ என் முகத்தைப் பார்த்தார். பதில் வரவில்லை.

அன்று இரவு இஷாவுக்குப் பிறகும் அந்தப் பிள்ளையின் பார்வை என் மனதை விட்டு அகலவில்லை. எத்தனை மாதமாக அந்த வீட்டில் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்! டிக்கட்டைப் பற்றி, பெட்டியின் எடையைப் பற்றி, மச்சிமாருக்குக் கொடுக்க வேண்டிய கடனைப் பற்றியெல்லாம் பேசியிருப்பார்கள். பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா?

புறப்பட்டுப் போவது எங்கள் புல்மோட்டைக்குப் புதிதல்ல. எங்கள் கரையில் அள்ளும் கருமணலே கப்பலேறி வெளிநாடு போகிறது. 1970களின் பிற்பகுதி தொடக்கம் அரபு நாடுகளுக்கு ஆட்கள் போகத் தொடங்கியபோது இலங்கையின் எத்தனையோ கிராமங்களில் தாய்மார் தனியே போனார்கள். பிள்ளைகள் மூத்தம்மாவின் மடியில் வளர்ந்தார்கள். உம்மாவை புகைப்படத்தில் மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு நானும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிறகு 2022 வந்தது. பால்மாவும் பெற்றோலும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற அந்த ஓர் ஆண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று இலங்கையை விட்டுப் போனார்கள். அந்த வரிசைகள் மறைந்துவிட்டன. ஆனால் போக வேண்டும் என்ற எண்ணம் வீடுகளை விட்டு மறையவில்லை. இப்போது சில குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போகின்றன.

விட்டுவிட்டுப் போவதைவிடக் கூட்டிக்கொண்டு போவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையைப் பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுபோவதும், ஒரு பயணத் தோழனாகக் கூட்டிப்போவதும் ஒன்றல்ல.

மடியில் ஒரு மகன்

அன்னை ஹாஜர் (அலை) அவர்களும் பச்சைக் குழந்தை இஸ்மாயீல் (அலை) அவர்களும் மக்காவின் வெறும் பள்ளத்தாக்கில் தங்கியதை அறியாத பெண் நம்மில் யாருமில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஓடும் ஒவ்வொரு ஹாஜியும் அந்தத் தாயின் ஓட்டத்தைத்தான் ஓடுகிறார். அதனால் அதை இங்கே விரிக்கவில்லை. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு தாயைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியரில் ஒருவராகி, நம் அனைவருக்கும் தாயானவர்கள். அதற்கு முன்னர் அவர்கள் அபூ ஸலமா (ரலி) அவர்களின் மனைவி. இருவரும் அபீஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, மக்காவுக்குத் திரும்பி வந்து, மறுபடியும் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். கணவர் ஒட்டகத்தை ஆயத்தம் செய்து, மனைவியை ஏற்றி, அவர்களின் மடியில் மகன் ஸலமாவை வைத்துவிட்டார். அந்த நேரத்தில் உம்மு ஸலமாவின் குலத்தார் ஓடிவந்து, "நீர் வேண்டுமானால் போம், எங்கள் பெண்ணை ஊர் ஊராக இழுத்துச் செல்ல விடமாட்டோம்" என்ற கருத்தில் பேசி மூக்கணாங்கயிற்றைப் பறித்துக்கொண்டார்கள். இதைக் கேட்டு அபூ ஸலமாவின் குலத்தார் வெகுண்டார்கள். பெண் உங்களுடையவள் என்றால் பிள்ளை எங்களுடையது என்று அவர்களும் வந்து நின்றார்கள். ஒரு பக்கம் இவர்கள் இழுக்க, மறுபக்கம் அவர்கள் இழுக்க, அந்தப் பிஞ்சுக் கையின் மூட்டே விலகிவிட்டது என்று சரித்திர ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கணவர் மதீனாவில். மகன் கணவரின் குலத்தாரிடம். தாய் தன் குலத்தாரிடம். ஒரே நாளில் மூன்று பேரும் மூன்று இடம். ஒவ்வொரு காலையும் அப்தஹ் என்ற வெளியில் போய் உட்கார்ந்து மாலை வரை அழுவார்களாம் அந்த அன்னை. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே போயிற்று. கடைசியில் உறவினர் ஒருவர் மனமிரங்கிப் பேசியதால் போக அனுமதி கிடைத்தது. மகனும் திரும்பக் கிடைத்தான்.

அன்னையவர்கள் துணைக்கு ஆள் தேடிக்கொண்டு நிற்கவில்லை. மகனை மடியில் வைத்துக்கொண்டு தனியே ஒட்டகமேறிவிட்டார்கள். மக்காவிலிருந்து மதீனா சுமார் 450 கிலோமீற்றர். தன்ஈம் என்ற இடத்தை அடைந்தபோது உஸ்மான் இப்னு தல்ஹா எதிர்ப்பட்டார். இன்று உம்ராவுக்கு இஹ்ராம் கட்டப் போவோமே, ஆயிஷாப் பள்ளி, அந்த இடம்தான். உஸ்மான் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. எங்கே போகிறீர், கூட யார் வருகிறார் என்று விசாரித்தார். அல்லாஹ்வையும் இந்தச் சிறு மகனையும் தவிர யாருமில்லை என்றார்கள் அன்னை. இப்படித் தனியே விடத்தக்கவர் அல்லர் நீர் என்று கூறி, ஒட்டகத்தின் கயிற்றைக் கையில் பிடித்தார் அந்த மனிதர். தங்குமிடம் வந்தால் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டு விலகிப் போவார். அன்னை இறங்கிய பின்னரே வந்து ஒட்டகத்தை அவிழ்த்துக் கட்டுவார். தூரத்தில் ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வார். இவ்வாறே குபா வரை கொண்டுவந்து, உமது கணவர் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று காட்டிவிட்டு, வந்த வழியே மக்காவுக்குத் திரும்பினார். அவரைப் போன்ற கண்ணியமான துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையவர்கள் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தைப் பயான்களில் சொல்லும்போது நாங்கள் தாயின் உறுதியைச் சொல்வோம், உஸ்மானின் பண்பைச் சொல்வோம். விலகிய அந்தச் சின்னக் கையைத் தாண்டிப் போய்விடுவோம். நானும் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். பெரியவர்களின் நியாயங்கள் இரண்டு பக்கமும் இழுக்கும்போது மூட்டு விலகுவது பிள்ளைக்குத்தான்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ரியாதுக்கும் டுபாய்க்கும் லண்டனுக்கும் நாம் போவதை ஹிஜ்ரத் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவர்கள் தீனுக்காகப் போனார்கள், நாம் ரிஸ்குக்காகப் போகிறோம். அதுவும் ஹலாலான தேட்டம்தான். ஆனால் மடியில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. அதற்குத் தெரிந்ததெல்லாம் வீடும் முற்றமும் மூத்தம்மாவும் திடீரென்று இல்லாமற் போனது மட்டும்.

அபீஸீனியாவில் பிறந்த சிறுமி

கி.பி. 615இல் மக்காவின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் கடல் கடந்து அபீஸீனியாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு வரை, அதாவது ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள், அங்கேயே வாழ்ந்தார்கள். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்கு மூன்று ஆண்மக்கள் அங்கேதான் பிறந்தார்கள். காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களின் மகள் உம்மு காலிதும் அங்கே பிறந்து வளர்ந்த சிறுமிதான். அரபு நாட்டைக் கண்ணால் கண்டதே இல்லை.

அந்தக் குடும்பம் மதீனா வந்த பின் நடந்ததை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். நபி (ஸல்) அவர்களிடம் ஆடைகள் சில வந்தன. அவற்றில் வேலைப்பாடு செய்த சிறிய கறுப்புத் துணி ஒன்று இருந்தது. இதை யாருக்கு உடுத்தலாம் என்று கேட்டார்கள். சபையோர் மௌனமாயிருந்தார்கள். உம்மு காலிதைக் கொண்டுவரச் சொன்னார்கள் நபியவர்கள். சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம் முபாரக்கான கரங்களால் தாமே அதை உடுத்திவிட்டு, அதிலிருந்த வண்ண வேலைப்பாட்டைச் சுட்டிக்காட்டி "ஸனா" என்றார்கள். அது அரபுச் சொல்லன்று. அபீஸீனிய மொழியில் 'அழகு' என்று பொருள்.

சகோதரிகளே, அரபு மொழியில் நபியவர்களை மிஞ்சியவர் உண்டா? அழகு என்பதற்கு அரபியில் சொற்களுக்குப் பஞ்சமா? வெளிநாட்டில் பிறந்து, புது ஊருக்கு வந்து மிரண்டு நிற்கும் சின்னஞ்சிறுமிக்கு, அவளுக்குப் பழகிய ஊரின் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு அறிவிப்பில், அந்தப் பிள்ளை நபியவர்களின் தோள்பட்டைக்கு நடுவே இருந்த நுபுவ்வத் முத்திரையைத் தொட்டு விளையாடப் போனபோது தகப்பனார் அதட்டினார், நபியவர்களோ அவளை விட்டுவிடச் சொன்னார்கள் என்று வருகிறது.

எங்கள் பாடசாலைகளில் நடப்பது வேறு. வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய பிள்ளை 'ள'வையும் 'ழ'வையும் மாற்றிச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சில நேரம் வகுப்போடு சேர்ந்து ஆசிரியரும் சிரிப்பார். சொல்ல வெட்கமாயிருக்கிறது. அப்படிச் சிரித்த ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

திரும்பி வந்த பிள்ளைகள்

சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தார்கள். ஆண்டுக்கு நூறாக ஏறி, 2020 ஜூலையில் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200 ரியால், வருடம் 14,400 ரியால். வாடகையும் பாடசாலைக் கட்டணமும் இதற்கு வெளியே. சாதாரணச் சம்பளக்காரர் எப்படித் தாங்குவார்? பல நாட்டவரும் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பினார்கள். வருட நடுவில், தவணை நடுவில், ஒரு நாள் காலையில் வகுப்பு வாசலில் புதிய முகமாக அந்தப் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

ஒரு பையனை மறக்க முடியாது. தரம் 8இல் சேர்த்தார்கள். ஆங்கிலம் சரளமாகப் பேசுவான், அரபி ஓரளவு புரியும், தமிழும் பேசுவான். ஆனால் தமிழில் ஒரு வரி எழுத வராது. கணக்குத் தெரியும், கேள்வியை வாசிக்கத் தெரியாது. நமது நாட்டில் க.பொ.த. சாதாரண தரத்தில் தாய்மொழியும் சமயமும் கட்டாய பாடங்கள். நான் இஸ்லாம் பாட விடைத்தாளைத் திருத்தும்போது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தான். ஈமானின் கடமைகள் ஆறும் சரியாக இருந்தன. எத்தனை புள்ளி போடுவது என்று தெரியாமல் அந்தத் தாளை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

அவனுடைய தாய் படிக்காதவரல்லர். 'தமிழ் வீட்டில் தானாக வந்துவிடும்' என்று எண்ணியிருந்தார். பேச்சு தானாக வரும், எழுத்து வராது. ரியாதிலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் இலங்கைப் பாடசாலைகள் இருக்கின்றன. அவையும் ஆங்கில வழியில்தான் நடக்கின்றன. ஆகவே பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் மாசிக்கும் இடம் ஒதுக்கும்போது அரசாங்கம் கொடுக்கும் தமிழ்ப் பாடப்புத்தகங்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் போதும். பிள்ளை மூத்தம்மாவுக்கு வாரம் ஒரு கடிதம் தமிழில் எழுதட்டும். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினாலும் கடிதம்தான்.

வளைகுடா நாடுகளில் இருப்பு என்பது தகப்பனின் வேலையோடு கட்டிய கயிறு. வேலை போனால் எல்லோருக்கும் இகாமா போகும். அங்கேயே பிறந்தாலும் பிள்ளைக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. ஆதலால் அங்கே போகும் பிள்ளை என்றாவது ஒரு நாள் திரும்பும் பிள்ளை. இதை மறைக்காமல் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

காகிதங்கள்

போகுமுன் கவனிக்க வேண்டியவற்றில் நம் பெண்கள் அதிகம் தடுக்கி விழுவது பெயரில்தான். வாப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது', நிக்காஹ் பதிவில் 'முஹம்மத்', கடவுச்சீட்டில் 'மொஹமட்' என்றிருக்கும். நமக்கு எல்லாம் ஒன்றே. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அவை மூன்று ஆட்களாகிவிடும். திருமணப் பதிவும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று விசாவுக்கு முன்பே பாருங்கள். மொழிபெயர்ப்பையும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சியையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

அங்கே இன்னொரு பிள்ளை பிறந்தால், இலங்கைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை இந்தப் பதிவினால்தான் இலங்கைப் பிரஜையாகும். பிந்தினால் அமைச்சரின் அனுமதி வரை அலைய வேண்டும். முன்னர் தகப்பன் வழியாகவே இந்த உரிமை வந்தது. 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தாய் வழியாகவும் வரும்.

ஏஜென்சிக்காரர் 'குடும்பத்தையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது வீட்டோடு 3,000 திர்ஹம் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் பராமரிப்புத் தொழிலாளர்கள் மனைவி மக்களை அழைப்பதை 2024 மார்ச் 11 முதல் நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்த விதிகளெல்லாம் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டுமுன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். காணியை ஈடு வைத்துவிட்டு விசாரிப்பதில் பயனில்லை.

தலாக் ஆன பின் பிள்ளையோடு புது வாழ்வு தேடிப் போக நினைக்கும் சகோதரிகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பராமரிப்பான ஹளானத் பற்றி நமது ஷாபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் பயணத்தைத் தனியாகவே பேசுகிறது. பெற்றோரில் ஒருவர் தேவைக்காகச் சென்று திரும்பும் பயணமென்றால், அவர் வரும்வரை பிள்ளை ஊரில் இருப்பவரிடமே இருக்கும். குடியமரவே போவதென்றால் வம்சத்தைக் காக்கும் நோக்கில் தகப்பனுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் பாதையும் போய்ச் சேரும் ஊரும் அச்சமற்றவையாக இருக்க வேண்டும் என்று அதற்கு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். இந்த முன்னுரிமையை மட்டும் உருவி எடுத்துத் தாயைப் பயமுறுத்தும் ஆண்களைக் கண்டிருக்கிறேன். நிபந்தனையை அவர்கள் வாசிப்பதில்லை. தாயும், தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளையை விமானமேற்றுவது முறையல்ல. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சம்மதமின்றிக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் செய்யும் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001இல் சேர்ந்து, அதே ஆண்டு சட்டமும் இயற்றியிருக்கிறது. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இரண்டு பக்கமும் இழுத்த அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அபூ ஸலமா (ரலி) அவர்கள் உஹதில் பட்ட காயம் மீண்டும் திறந்து ஹிஜ்ரி நான்கில் மறைந்தார்கள். அந்நிய ஊரில் விதவையாகவும் பிள்ளைகளின் தாயாகவும் நின்ற உம்மு ஸலமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணமுடிக்கக் கேட்டபோது, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று தயங்கினார்கள் அன்னை. அந்தப் பிள்ளைகளின் பொறுப்பு அல்லாஹ்வையும் அவனது தூதரையும் சேர்ந்தது என்று பதில் வந்தது. உமர் என்ற மகன் நபியவர்களின் வீட்டிலே வளர்ந்தார். ஒரே தட்டில் சாப்பிடும்போது அவருடைய சின்னக் கை தட்டு முழுவதும் அலையும். பிஸ்மி சொல்லி, வலக்கையால், உனக்கு முன்னால் இருப்பதை உண் என்று நபியவர்கள் கற்றுக் கொடுத்தது அந்தப் பிள்ளைக்குத்தான். நம் வீடுகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைத்தான் முதற் பாடமாகச் சொல்கிறோம்.

அந்த ரியாத் தாய் இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். நிக்காஹ் பதிவில் கணவரின் பெயர் ஓர் எழுத்து வித்தியாசமாம். அதனால் பயணம் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. முகத்தில் சலிப்பு இருந்தது. "எல்லாம் ஹைருக்குத்தான் மௌலவி, இவர் போன் எடுத்தா இப்ப புள்ளையோடயும் இருந்து கதைக்கிறாரு" என்றார்.

புறப்படும் நாளுக்கு முந்திய மாலை பையன் ஸலாம் சொல்ல வந்தான். "எப்ப திரும்பி வருவீங்க?" என்று அதே கேள்வியைக் கேட்டேன். இந்த முறை அவன் உம்மாவைப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷத்துல லீவுக்கு வருவன். ஆறாம் வகுப்புக்கு இங்கதான்."

தன் ரைஹாலைக் கக்கத்தில் வைத்திருந்தான். கொண்டுபோகவா வைத்துவிட்டுப் போகவா என்று கேட்டான். உன் விருப்பம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டில், மற்றப் பிள்ளைகளின் ரைஹால்களுக்குப் பின்னால், யாரும் எடுக்காத மாதிரித் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.